மண்ணிடம் பாடம் கேட்ட மேதை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், தாவரவியல்)

விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறு என்றால் நம் கல்லூரி மலரில் சர் சி.வி. இராமன், ஜகதீச சந்திர போஸ், கியூரி அம்மையார் ஆகியோரைப் பற்றியே பெரும்பாலும் கட்டுரைகள் வருவது வழக்கம். அவர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி வாய்ந்த இயற்பியல், வேதியியல் மாணவ நண்பர்கள் பலர் உள்ளனர். தாவரவியல் மாணவனாகிய நான், நம் நாட்டு மண்ணில் இருபத்தாறு ஆண்டுகள் பயிர்களோடு பழகி, நம் உழவர்களையே தம் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்ட ஓர் ஆங்கிலேயரைப் பற்றி எழுத விழைகிறேன். அவர்தாம் சர் ஆல்பர்ட் ஹோவர்டு.

கம்போஸ்ட் உரம் என்றதும் அவர் பெயரைச் சொல்வார்கள். இயற்கை வேளாண்மை பேசுவோர் அவரைத் தங்கள் முன்னோடி என்பர். அவை உண்மையே. ஆனால் என்னை அவர்பால் ஈர்த்தது வேறொன்று. பயிருக்கு நோய் ஏன் வருகிறது என்ற ஒரே கேள்வியை அவர் தம் இருபத்தாறாம் வயதிலிருந்து இறுதிநாள்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கிருமியால் வருகிறது என்பதோடு மற்றவர்கள் நிறுத்திக்கொண்ட காலம் அது. அந்தக் கிருமி பக்கத்து வயலில் ஏன் வாலாட்டவில்லை என்று கேட்டவர் இவர்.

ஹோவர்டு 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மாடும் மண்ணும் அவருக்குப் புத்தகத்திற்கு முன்பே அறிமுகம். இலண்டன் அரசு அறிவியல் கல்லூரியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் பயின்று 1896-இல் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார். மறு ஆண்டே வேளாண்மைப் பட்டயமும் பெற்றார்.

1899-இல் மேற்கிந்தியத் தீவுகளின் வேளாண்மைத் துறையில் பூஞ்சையியல் அறிஞராகப் பார்படோஸ் தீவுக்குச் சென்றார். கரும்பு நோய்களை ஆராய்வது அவருடைய முக்கிய வேலைகளில் ஒன்று. நுண்ணோக்கி இருந்தது, கண்ணாடிக் குழாய்கள் இருந்தன, நோயுற்ற இலைகள் வந்து குவிந்தன. சொந்தமாகப் பயிரிட்டுப் பார்க்க ஒரு காணி நிலம்கூட இல்லை. தாம் தோட்டக்காரர்களுக்குக் கூறும் அறிவுரையைத் தாமே ஒருமுறையேனும் செய்து பார்க்க வழியில்லாத நிலை அவரை உறுத்தியது. நோயைப் பற்றிப் பேசுகிறவன் முதலில் நோயில்லாத பயிரை வளர்த்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைவிட்டது.

அங்கிருந்து திரும்பி இங்கிலாந்தில் வை என்ற ஊரில் இருந்த வேளாண்மைக் கல்லூரியில் ஈராண்டுகள் பணியாற்றினார். பீரில் கசப்புச் சுவைக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற கொடிப் பயிரை ஆராய்ந்தார். அந்நாட்டுத் தோட்டக்காரர்கள் ஆண் கொடிகளைப் பயனற்றவை என்று ஒழித்து வந்தனர். ஆண் கொடிகளை நட்டு மகரந்தச் சேர்க்கை நிகழவிட்ட இடத்தில் பயிர் விரைந்து வளர்ந்ததையும், அசுவினியையும் பூஞ்சை நோயையும் நன்கு தாங்கியதையும் ஹோவர்டு கண்டார். இயற்கை செய்யும் ஒன்றை மனிதன் தடுத்தால் அதற்கு ஒரு விலை உண்டு என்பது அவர் கற்ற இரண்டாம் பாடம்.

1905-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்பம் நேர்ந்த ஆண்டு. கர்சன் பிரபு காலத்தில் பீகாரிலுள்ள பூசாவில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. அங்கே பொருளாதாரத் தாவரவியல் அறிஞராக ஹோவர்டு நியமனம் பெற்றார். அதே ஆண்டு பம்பாயில் கேப்ரியல் மத்தேய் என்ற அம்மையாரை மணந்தார்.

இந்த அம்மையாரைப் பற்றிச் சற்று நின்று கூற விரும்புகிறேன். கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் பயின்று அங்கேயே ஆய்வுநிலை பெற்றவர். வெப்பநிலை மாறும்போது இலையின் ஒளிச்சேர்க்கை எவ்வாறு மாறுகிறது என்பதைப் பிளாக்மன் என்ற அறிஞரோடு சேர்ந்து அளந்தவர். ஒளிச்சேர்க்கையைக் கட்டுப்படுத்தும் காரணிகள் என்று நாம் தேர்வுக்குப் படிக்கிறோமே, அந்தப் பாடத்தின் அடித்தளத்தில் அவருடைய அளவீடுகள் உள்ளன. இத்தகையவர் இந்தியாவுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் வெறும் மனைவியாகவும் உதவியாளராகவுமே அரசால் கருதப்பட்டார். 1913-இல்தான் இரண்டாம் பொருளாதாரத் தாவரவியல் அறிஞர் என்ற பதவி அவருக்குக் கிடைத்தது. ஹோவர்டின் இந்திய ஆராய்ச்சிக் கட்டுரைகளுள் பெரும்பாலானவற்றில் இருவர் பெயரும் சேர்ந்தே உள்ளன. எனவே இக்கட்டுரையில் ஹோவர்டு கண்டார் என்று நான் எழுதுமிடங்களில் பலவற்றை இருவரும் கண்டனர் என்றே படித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

பூசாவில் ஹோவர்டுக்கு 75 ஏக்கர் நிலம் கிடைத்தது. பார்படோசில் ஏங்கிய நிலம்! மருந்து தெளிக்காமல் பயிர் வளர்ப்பது என்று முடிவு செய்துகொண்டு சுற்றுப்புற உழவர்களைக் கவனிக்கத் தொடங்கினார். அவர்கள் வயல்களில் பூச்சியும் நோயும் வியக்கத்தக்க அளவு குறைவாக இருந்தன. பயறும் தானியமும் கலந்து விதைத்தனர், பயிரை மாற்றிப் பயிரிட்டனர், கிடைத்த சாணத்தை நிலத்துக்குச் சேர்த்தனர். ஐந்தாண்டுகளில் உழவர்களையும் பூச்சிகளையும் தம் பேராசிரியர்களாகக் கொண்டு நோயற்ற பயிர் வளர்க்கக் கற்றுக்கொண்டதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். ஓர் ஏகாதிபத்திய அரசின் உயர் அதிகாரி இப்படி எழுதியது சிறிய செய்தியன்று. ஆனால் அந்தப் பேராசிரியர்களில் ஒருவரின் பெயர்கூட நமக்குத் தெரியவில்லையே என்ற குறை எனக்கு உண்டு.

அரசு அவரிடம் கேட்டது கோதுமை. அவரும் அம்மையாரும் உருவாக்கிய பூசா 4, பூசா 12 ஆகிய கோதுமை வகைகள் வட இந்தியாவில் பரவின. அரசுக்கு அது போதுமானதாக இருந்தது. அவருக்குப் போதவில்லை.

பூசாவிலேயே பூஞ்சையியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் எட்வின் ஜான் பட்லர். இந்தியப் பயிர் நோயியலின் தந்தை என்று நம் பாடப் புத்தகங்கள் போற்றும் பெரியார். துவரையின் வாடல் நோய்க்கு மண்ணில் வாழும் பியூசேரியம் என்ற பூஞ்சையே காரணம் என்று நிறுவியவர். ஒரே வளாகத்தில் இருந்த இவ்விருவரின் பார்வையும் வேறு. பட்லர் நோயை உண்டாக்கும் உயிரைத் தேடினார். ஹோவர்டு அந்த உயிருக்கு இடம் கொடுத்த மண்ணைத் தேடினார். இதில் யார் சரி என்று கேட்டால் இருவரும் என்றே கூறுவேன். எங்கள் ஐயம்பேட்டை தறி ஊர். என் தந்தையார் பட்டு நெசவாளர். பாவில் ஓர் இழை அறுந்தால் அதை முடிந்துவிட்டு மேலே நெய்வார். அதே இடத்தில் அடிக்கடி அறுந்தால் தறியை நிறுத்திவிட்டு, அச்சு சரியாக இருக்கிறதா, பாவின் இழுவை மிகுந்துவிட்டதா என்று பார்ப்பார். முடி போடத் தெரிந்தவரும் வேண்டும், தறியைப் பார்க்கத் தெரிந்தவரும் வேண்டும்.

ஹோவர்டு தறியைப் பார்த்தார் என்பதற்கு அவுரிப் பயிர் ஒரு சான்று. பீகாரில் ஜாவா அவுரி என்ற புதிய வகை பரவிய சில ஆண்டுகளில் வாடல் நோய் அதனைச் சூறையாடியது. ஹோவர்டு செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து வேர்களைக் கழுவிப் பார்த்தார். மழைக்காலத்தில் மண் இறுகிக் காற்றோட்டம் அடைபட்டதும் மெல்லிய வேர்களும் வேர்முண்டுகளும் அழிந்துபோயிருந்தன. உணவு தேடும் வேர் போனபின் செடி வாடாமல் என்ன செய்யும்? மழையின் பிற்பகுதியில் மேட்டு நிலத்தில் விதைத்த அவுரி வாடாமல் நின்றது. உடைந்த மண்பாண்டச் சில்லுகளை மண்ணில் கலந்து காற்றோட்டத்தைக் கூட்டியும் அவர் சோதனை செய்தார். நம்மூர் குயவர் வீட்டுக் கொல்லையில் குவிந்து கிடக்கும் ஓட்டாஞ்சில்லுகள்தாம். அவை ஆராய்ச்சிக் கருவியாகும் என்று யார் நினைத்திருப்பார்!

1910 முதல் பலூசிஸ்தானத்துக் குவெட்டாவிலும் (இன்று பாகிஸ்தானில் உள்ளது) கோடை மாதங்களில் பழப்பயிர் ஆராய்ச்சி செய்தார். அளவுக்கு மீறி நீர் பாய்ச்சிய பீச்சு, வாதுமை மரங்களில் அசுவினி மொய்த்ததையும், ஆழக் கொத்தி மண்ணுக்குக் காற்று கொடுத்ததும் அது அகன்றதையும் கண்டார். அங்கே ஷஃப்தல் எனப்படும் பாரசீகக் குளோவரைத் தீவனத்துக்கும் பசுந்தாள் உரத்துக்கும் பயன்படுத்தி மண்ணைத் தேற்றினார். இந்தக் குளோவரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனிப் பசுந்தாள் உரத்துக்கு வருகிறேன். நான் ஹோவர்டைத் தேடிப் போனதே அதற்காகத்தான்.

என் தாய்மாமன் பாலாற்றங்கரையில் ஒன்றரை ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுத்துத் தை மாதத்தில் தர்ப்பூசணி விதைப்பார். சித்திரை வெயிலில் காய் வெட்டினால் குத்தகையும் கட்டி, கடனும் அடைத்து, கையில் கொஞ்சம் மிஞ்சும். முதல் ஆண்டு நல்ல விளைச்சல். இரண்டாம் ஆண்டு ஆங்காங்கே சில கொடிகள் உச்சிவெயிலில் தலைசாய்ந்து, மாலையில் நிமிர்ந்து, மூன்றாம் நாள் நிமிராமலே போயின. மூன்றாம் ஆண்டு காய் பிடிக்கும் தருணத்தில் பாதிக் கொடிக்குமேல் வாடிவிட்டது. உரக்கடைக்காரர் ஒரு மருந்தைக் கொடுத்து வேரில் ஊற்றச் சொன்னார். ஊற்றினார். அது போதாதென்று இன்னொன்றைக் கொடுத்தார். அதையும் ஊற்றினார். மருந்துச் செலவு கடனில் சேர்ந்ததே தவிரக் கொடி எழவில்லை.

எங்கள் இரு குடும்பங்களிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். செடியைப் பற்றித்தானே படிக்கிறாய், இதற்கு என்ன செய்யலாம் என்று மாமா கேட்டார். வாடிய கொடி ஒன்றைக் கல்லூரிக்குக் கொண்டு வந்தேன். தண்டைக் குறுக்கே வெட்டியபோது சைலம் குழாய்கள் பழுப்பேறியிருந்தன. எங்கள் துறை ஆசிரியரின் உதவியோடு அந்தத் துண்டை ஈரத்தாளில் வைத்துச் சில நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தோம். பிறைநிலா வடிவத்தில் வித்துகள் தெரிந்தன. பியூசேரியம். பட்லரின் பூஞ்சைக்கு நெருங்கிய உறவு. இது தடித்த சுவருள்ள வித்துகளாக மாறிப் பயிரே இல்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும், அடுத்த தர்ப்பூசணி வேரின் வாடை பட்டதும் விழித்துக்கொள்ளும் என்று ஆசிரியர் விளக்கினார். அப்படியானால் நிலத்தை விட்டுவிட்டு ஓடுவதா என்று கேட்டேன். அவர் நூலகத்திலிருந்து ஒரு பழைய ஆங்கில நூலை எடுத்துக் கொடுத்தார். ஹோவர்டு 1940-இல் வெளியிட்ட வேளாண்மை மரண சாசனம் என்று தமிழில் சொல்லத்தக்க நூல் அது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதத்தில் படித்து முடித்தேன்.

பசுந்தாள் உரம் என்றால் தழைச்சத்துக்காகப் போடுவது என்றே நாம் எண்ணுகிறோம். சணப்பு, தக்கைப்பூண்டு, கொளுஞ்சி ஆகியவற்றின் வேர்முண்டுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் யூரியாச் செலவு மிச்சம். பூசாவில் புகையிலைக்கு முன் சணப்பை விதைத்து மடக்கி உழுத ஹோவர்டு, இந்தக் கணக்கு முழுமையற்றது என்று கண்டார். வடிகால் நன்றாக இருந்த மேட்டு நிலத்தில் புகையிலை செழித்தது. நீர் தேங்கிய நிலத்தில் அதே சணப்பு பயன் தரவில்லை. போட்ட தழை ஒன்றே, கிடைத்த பலன் வேறு. தழை மட்க வேண்டுமானால் மண்ணிலுள்ள கோடானுகோடி நுண்ணுயிர்கள் உழைக்க வேண்டும். அவற்றுக்கு ஈரமும் காற்றும் வேண்டும். இவை குறைந்தால் தழை மட்காமல் அழுகி, வேருக்கு வேண்டிய காற்றையும் பறித்துக்கொள்கிறது.

இதைச் செம்மையாகச் செய்து காட்டியது ஷாஜகான்பூரில் ஜார்ஜ் கிளார்க் என்பவர் நடத்திய கரும்பு ஆராய்ச்சி நிலையம். மழைக்குமுன் சிறிது தொழு உரமிட்டுச் சணப்பை விதைத்து, ஏறத்தாழ அறுபது நாளில் மடக்கி உழுவர். அதன்பின் செப்டம்பர் முதல் பதினைந்து நாட்களில் ஐந்து அங்குல மழை பெய்யாவிட்டால் வயலுக்கு நீர் பாய்ச்சி மட்கச் செய்வர். கரும்பு நடும்போது தழை முற்றிலும் மட்கி மண்ணோடு மண்ணாகியிருக்கும். ஹோவர்டு தம் நூலில் இதைப் பாராட்டி விரிவாக எழுதியுள்ளார்.

வாடல் நோய் கண்ட நிலத்துக்கு இது மிகவும் முக்கியம். மடக்கி உழுத பச்சைத் தழை முதல் சில நாட்களில் நல்ல நுண்ணுயிருக்கும் உணவு, நாற்றழுகல் பூஞ்சைக்கும் உணவு. தழை மட்கும்முன் விதையைப் போட்டால் முளையே அழுகக் கூடும். இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் மண்ணில் பெருகிய மற்ற நுண்ணுயிர்கள் நோய்ப் பூஞ்சையோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடத் தொடங்குகின்றன. சணப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. வேர்முடிச்சு நூற்புழுக்கள் அதில் பெருகுவதில்லை. அந்த நூற்புழு வேரில் துளையிட்டால்தான் பியூசேரியத்துக்குக் கொண்டாட்டம் என்பதால், புழு குறைந்தால் வாடலும் தணிய வாய்ப்புண்டு.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்குப் பசுந்தாள் புதிதன்று. அவருடைய பாட்டனார் நெல்லுக்குக் கொளுஞ்சி மிதித்தவர். தர்ப்பூசணிக்கு யார் மிதிப்பார்கள் என்பதே அவர் ஐயம். ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ விதை வாங்க வேண்டும், அறுவடையில்லாத பயிருக்கு உழவுக் கூலியும் நீரும் செலவிட வேண்டும், அதே நாட்களில் கீரை போட்டாலும் காசாகும். குத்தகை நிலத்தில் மண்ணைத் தேற்றினால் பலன் யாருக்கு என்ற கேள்வியும் இருந்தது. நிலத்துக்காரர் அடுத்த ஆண்டு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால்? இதற்கு ஹோவர்டின் நூலில் விடை இல்லை. அவருக்கு 75 ஏக்கரும் அரசு கொடுத்தது. கடைசியில் பாதி நிலத்தில் ஆவணி மழைக்குச் சணப்பு விதைத்து மடக்கி உழுவது, மறுபாதியை வழக்கம்போல் விடுவது என்று முடிவாயிற்று. மாமா பணத்தை எண்ணி அப்படிச் செய்தார். எனக்கு அது ஒப்பீட்டுச் சோதனை ஆயிற்று. இம்மலர் அச்சுக்குப் போகும் இந்நாளில் சணப்பு இடுப்பளவு நிற்கிறது.

ஹோவர்டிடம் இந்த ஒப்பீடு சில வேளைகளில் இல்லை என்பதையும் கூறியாக வேண்டும். பூசாவில் அவர் நல்ல தீவனம் கொடுத்து வளர்த்த உழவு மாடுகள், கோமாரி கண்ட பக்கத்துப் பண்ணை மாடுகளோடு வேலியோரம் மூக்கோடு மூக்கு உரசியும் நோய் ஒட்டவில்லை என்று அவர் எழுதியுள்ளார். படிக்க இன்பமாக இருக்கிறது. ஆனால் நம் செய்முறைத் தேர்வில் ஒப்பீட்டுத் தொகுதி இல்லாமல் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. நல்ல மண்ணில் விளைந்த உயிருக்கு நோயே அணுகாது என்ற அளவுக்கு அவர் பிற்காலத்தில் போனார். அவ்வளவு தூரம் அவரோடு என்னால் போக முடியவில்லை.

பூசாவில் தாவரவியலுக்கு ஒரு துறை, வேதியியலுக்கு ஒரு துறை, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் தனித்தனித் துறைகள். ஒரு செடியின் வேரை ஒருவர், இலையை ஒருவர், மண்ணை ஒருவர் என்று பங்கு போட்டுக்கொண்டால் செடியைப் பார்ப்பது யார்? தம் எல்லைக்குள் இருக்கும்படி சக அதிகாரிகள் அவரை நெருக்கினர். 1924-இல் பூசாவை விட்டு இந்தூருக்குச் சென்றார். இந்திய மத்தியப் பருத்திக் குழுவும் மத்திய இந்தியச் சமஸ்தானங்களும் பொருளுதவி செய்ய, அங்கே தாவரத் தொழில் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 300 ஏக்கர் நிலம். அவரே இயக்குநர். துறைகள் இல்லை.

பசுந்தாளை வயலிலேயே மட்கவைப்பதில் உள்ள ஆபத்தை அனுபவித்தவர் அல்லவா? மட்கும் வேலையை வயலுக்கு வெளியே முடித்துவிட்டு, முடிந்த மக்கை மட்டும் நிலத்துக்குக் கொடுத்தால் என்ன என்று சிந்தித்தார். சீன, ஜப்பானிய உழவர்கள் எந்தக் கழிவையும் வீணாக்காமல் பல நூற்றாண்டுகளாக நிலத்தைக் காத்துவந்ததைப் பற்றி எஃப்.எச். கிங் என்ற அமெரிக்க அறிஞர் 1911-இல் வெளிவந்த நூலில் எழுதியிருந்தார். அது ஹோவர்டுக்கு வழிகாட்டியது. 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி. பருத்தி மார், சருகு, களை, கரும்புச் சோகை ஆகியவற்றைப் பரப்பி, அதன்மேல் சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், அடுப்புச் சாம்பல். ஈரம் காத்து, ஏறத்தாழ 16-ஆம் நாளும், ஒரு மாதத்திலும், இரண்டு மாதத்திலும் என மூன்று முறை புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் கருநிற மக்கு தயார். இதற்குத் தம் பெயரை வைக்காமல் இந்தூர் முறை என்று ஊர்ப்பெயரையே வைத்தார். இம்முறையை விளக்கும் நூலை 1931-இல் யஷ்வந்த் வாட் என்னும் இந்திய வேதியியலாரோடு சேர்ந்து வெளியிட்டார். ஹோவர்டின் பெயர் உலகெங்கும் பரவிய அளவுக்கு வாட் அவர்களின் பெயர் பரவவில்லை என்பது வருந்தத்தக்கது.

1930-இல் கேப்ரியல் அம்மையார் ஜெனீவாவில் காலமானார். கால் நூற்றாண்டுத் துணை அறுந்தது. மறு ஆண்டு ஹோவர்டு இந்தியாவை விட்டே சென்றார். அம்மையாரின் தங்கை லூயிஸ் அவர்களை மணந்தார். 1934-இல் சர் பட்டம் பெற்றார். அதன்பின் அவர் வாழ்வு பெரும்பாலும் பேச்சும் எழுத்தும் வாதமுமாகவே கழிந்தது. இரசாயன உரத்தை எதிர்த்தார், அவரை இரசாயன அறிஞர்கள் எதிர்த்தனர். நல்ல மக்கு உள்ள மண்ணில் ஒருவகைப் பூஞ்சைகள் பயிரின் வேரோடு உறவுகொண்டு அதற்கு ஊட்டமும் நோய் தாங்கும் வலிமையும் தருகின்றன என்று அவர் அழுத்தமாகக் கூறி வந்தார். இந்த வேர்ப்பூஞ்சைக் கொள்கைக்கு அன்றைய விஞ்ஞானிகள் பலர் செவிசாய்க்கவில்லை. 1947 அக்டோபர் 20-ஆம் நாள், இந்தியா விடுதலை பெற்ற இரண்டு மாதத்தில், இலண்டன் பிளாக்ஹீத்தில் அவர் மறைந்தார். லூயிஸ் அம்மையார் அவருடைய இந்திய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1953-இல் ஒரு நூல் வெளியிட்டார். இந்தூர் நிலையம் இருந்த இடத்தில் 1959-இல் வேளாண்மைக் கல்லூரி தொடங்கப்பட்டது.

அவர் மறைந்தபின் வாடல் நோயின் கதை எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. நம் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் பேராசிரியர் டி.எஸ். சதாசிவன் அவர்களும் அவருடைய மாணவர்களும் பருத்தி வாடலை ஆராய்ந்து, பியூசேரியம் சுரக்கும் நஞ்சு செடிக்குள்ளேயே உண்டாவதைக் காட்டினர். 1974-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. பட்லர் வழியில் இது பெரிய எட்டு.

ஹோவர்டு வழியில் நடந்த எட்டு பிரான்சு நாட்டில் முலாம்பழ வயலில் நிகழ்ந்தது. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஷாத்தோரெனார் என்ற ஊரில், வாடல் பூஞ்சை மண்ணில் இருந்தும் முலாம்பழக் கொடிகள் வாடுவதில்லை. 1970-களில் லூவே, அலபூவெத் முதலிய அறிஞர்கள் இதை ஆராய்ந்தனர். அந்த மண்ணை நீராவியால் சூடேற்றினால் காக்கும் குணம் மறைந்தது. சூடேற்றாத அந்த மண்ணில் சிறிதளவை வேறு மண்ணில் கலந்தால் அதற்கும் அந்தக் குணம் வந்தது, தயிருக்கு உறை குத்துவது போல. காத்து நின்றது மண்ணில் வாழும் உயிர்க்கூட்டம் என்பது இதனால் தெளிவாயிற்று. அக்கூட்டத்தில் முதலிடம் பெற்றது நோய் செய்யாத வேறொரு பியூசேரியம். பகைவனின் தம்பியே காவலனாக நின்றிருக்கிறான்!

பின்னர் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துத் தர்ப்பூசணி வயல்களில் பசுந்தாள் சோதனைகள் நடந்தன. குளிர்காலத்தில் வெச் என்ற பயறு வகைக் கொடியை மூடுபயிராக வளர்த்து, வசந்தத்தில் மடக்கி உழுது, பிறகு தர்ப்பூசணி நட்டனர். 2004-இல் வெளிவந்த முடிவுகளில் வாடல் குறைந்தது தெரிந்தது. 2014-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில் வெச்சோடு ஒருவகைக் குளோவரையும் சேர்த்துப் பார்த்தனர். குவெட்டாவில் ஹோவர்டு விதைத்த ஷஃப்தலின் இனம் அது. இரண்டுமே வாடலைக் குறைத்தன. நோய் அடியோடு ஒழியவில்லை, குறைந்தது. அந்தப் பசுந்தாள் மடக்கிய நிலத்துத் தர்ப்பூசணி வேர்களை எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஹோவர்டு ஓயாது சொல்லிக்கொண்டிருந்த வேர்ப்பூஞ்சை அவற்றில் கூடுதலாகக் குடியேறியிருந்தது.